இம்பெல்லர் மாற்றிய பிறகு ரிவர்ஸ் நழுவுகிறது, நியூட்ரலில் படகு நகர்கிறது

புதுப்படகு:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார். ரிமோட் கண்ட்ரோல் பாக்ஸ், அதிலிருந்து மோட்டாருக்கு இரண்டு கேபிள். மூன்று வாரம் முன்பு வரை கியரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் பீய்ச்சுவது குறைந்துவிட்டதே என்று லோயர் யூனிட்டை (கியரும் புரொப்பல்லரும் இருக்கும் கீழ்ப்பகுதி) நானே இறக்கி இம்பெல்லரை (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) மாற்றினேன். தண்ணீர் இப்போது நன்றாக வருகிறது. கியர்தான் கெட்டுப்போனது.

லிவர் நியூட்ரலில் இருக்கும்போதே படகு மெல்ல முன்னால் போகிறது. கட்டிப் போட்ட கயிறு விறைத்துக்கொண்டே நிற்கிறது. முன் கியர் சத்தமில்லாமல் விழுகிறது, வேகம் கொடுத்தாலும் நிற்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் பிடிக்கிறது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் 'டக்' என்று விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது. நேற்று கரையிலிருந்து பின்வாங்கும்போது ஏழெட்டு முறை இப்படி ஆனது. கேபிள் போய்விட்டதா, கியரையே பிரிக்க வேண்டுமா? பிரிப்பதற்கு முன் வேறு ஏதாவது பார்க்கலாமா?

நங்கூரம்:
எனக்கும் இதே மாதிரி வந்தது தம்பி. கேபிள்தான். உள்ளே துரு ஏறி முழு நீளத்துக்கு நகராமல் போய்விடும். புதுக் கேபிள் போடுங்கள், சரியாகிவிடும். அதுவரை ரிவர்ஸை மெதுவாக, பதமாகத் தள்ளிப் போடுங்கள். வெடுக்கென்று போட்டால் பல் போய்விடும்.

சுக்கான்:
நங்கூரம் அண்ணா, கேபிளைப் பற்றி அப்புறம் பேசலாம். மெதுவாகப் போடச் சொன்னதை மட்டும் இப்போதே மறுக்கிறேன், மன்னிக்கவும். அவுட்போர்டு கியர் கெடுவதற்கு அந்தப் பழக்கமே பெரிய காரணம்.

காரில் இருப்பது போல, கியர் விழுமுன் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோமெஷ் இதில் கிடையாது. எஞ்சினிலிருந்து நேராகக் கீழே இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம். இரண்டும் எப்போதும் பினியனோடு கோத்தபடியே, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கும், நியூட்ரலில்கூட. புரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த இரண்டின் நடுவே ஒட்டாமல் நுழைந்து போகிறது. ஷாஃப்டின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஓர் எஃகு உருளை உண்டு, இரண்டு பக்கமும் தடித்த கொம்புகளோடு. அதைத்தான் டாக் கிளட்ச் என்கிறோம். முன்னால் போய் முன் சக்கரத்தின் கொம்புகளுக்கு இடையில் விழுந்தால் முன் கியர். பின்னால் போனால் ரிவர்ஸ். நடுவில் எதையும் தொடாமல் நின்றால் நியூட்ரல்.

ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் விகிதம் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் அந்தச் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 6 சுற்று. சக்கரத்தில் மூன்று கொம்பு இருந்தால், நீங்கள் லிவரைப் பாதியில் வைத்துக்கொண்டு 'பதமாகத்' தள்ளும் ஒவ்வொரு நொடியிலும் எஃகு முனை எஃகு முனையில் கிட்டத்தட்ட 18 முறை அடிக்கிறது. அந்தக் கரகர சத்தம் இதுதான். கொம்பின் முனை மழுங்குவது இப்படித்தான். த்ரோட்டிலை முழுக்க மூடி, எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகு, ஒரே அசைவில் சட்டென்று போட வேண்டும். ஒரு 'டங்' சத்தம் வரும், அது வரவேண்டிய சத்தம்தான்.

இப்போது புதுப்படகு, உங்கள் விஷயம். இம்பெல்லர் மாற்றிய அன்றிலிருந்துதான் இது என்றால், அந்த வேலையில் எது கழன்று எது மாட்டப்பட்டதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும். கேபிள் மூன்று வாரம் முன்பு ஒரே நாளில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. யூகிக்க வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். கியர் லிவரிலிருந்து டாக் கிளட்ச் வரை ஒரு சங்கிலி: கண்ட்ரோல் பாக்ஸ், கேபிள், மோட்டாரில் உள்ள கியர்க் கை, அதிலிருந்து கீழே இறங்கும் கம்பி, கடைசியில் லோயர் யூனிட். இந்தச் சங்கிலியை நடுவில் கழற்றிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும்.

எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றை உருவி, பிளக் வயர்கள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சூடான எஞ்சின் புரொப்பல்லரைக் கையால் சுழற்றினால்கூட ஒரு முறை வெடித்துச் சுற்றிவிடலாம், விரல் போய்விடும். அப்புறம் மோட்டார் பக்கம் கியர்க் கேபிளின் முனையைக் கழற்றிவிட்டு, கியர்க் கையை நேரடியாகக் கையால் அசையுங்கள். ஒருவர் புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கட்டும். நின்ற புரொப்பல்லரோடு கியரைத் தள்ளாதீர்கள், கொம்பும் கொம்பும் நேருக்கு நேர் நின்றால் எவ்வளவு தள்ளினாலும் விழாது. அழுத்தினால் கம்பிதான் வளையும். ஒவ்வொரு நிலையிலும் புரொப்பல்லர் எப்படிச் சுழல்கிறது என்று எழுதுங்கள்.

புதுப்படகு:
நன்றி அண்ணா. இன்று மாலை என் தம்பியைப் புரொப்பல்லர் பக்கம் உட்கார வைத்துச் செய்து பார்த்தேன்.

கேபிள் கழன்றதும் கியர்க் கை ஒரு விரலால் தள்ளும் அளவுக்கு லேசாக நகர்கிறது. கண்ட்ரோல் பாக்ஸும் தனியாக லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் குறை அப்படியே இருக்கிறது. கியர்க் கை நடுவில் 'க்ளிக்' என்று உட்காரும் இடம்தானே நியூட்ரல்? அங்கே வைத்துப் புரொப்பல்லரைச் சுழற்றினால் ஒரு பக்கம் தாராளமாகப் போகிறது, மறுபக்கம் டிக் டிக் என்று எதிலோ உரசுகிறது. முன் கியரில் கெட்டியாகப் பிடிக்கிறது. ரிவர்ஸில் கையை அதன் எல்லை வரை தள்ளிவிட்டேன், பிடிக்கிறது, ஆனால் கொஞ்சம் பலமாகச் சுழற்றினால் ஒரு முறை தாண்டிக் குதிக்கிறது.

இன்னொன்று. கியர்க் கையை நியூட்ரல் க்ளிக்கிலிருந்து ரிவர்ஸ் பக்கம் சுமார் அரை சென்டிமீட்டர் நகர்த்தி நிறுத்தினால் புரொப்பல்லர் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுழல்கிறது. இது எதையாவது சொல்கிறதா?

துடுப்புக்காரன்:
இடையில் நுழைகிறேன், இழையைத் திருப்ப எண்ணமில்லை. என்னுடையது சின்ன மோட்டார், 8 குதிரைத்திறன். கியர் சுத்தமாக விழுகிறது, ஆனால் வேகம் கொடுத்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, படகு நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. மெதுவாகப் போனால் ஓடுகிறது. இதுவும் டாக் கிளட்ச் மழுங்கியதா?

நீரோட்டம்:
துடுப்புக்காரன், கியரைத் தொடாதீர்கள். உங்கள் புரொப்பல்லரைப் பாருங்கள். பெரும்பாலான புரொப்பல்லர்களில் நடுக் குழலுக்கும் இலைப் பகுதிக்கும் இடையில் ஒரு ரப்பர் புஷ் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். கல்லில் மோதினால் கியர் உடையாமல் அந்த ரப்பர் வழுக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. வயதானால் அது தானாகவே வழுக்கத் தொடங்கும். குறைந்த விசையில் பிடிக்கும், வேகம் கொடுத்தால் விட்டுவிடும். நீங்கள் சொன்ன குணம் அப்படியே.

நிச்சயப்படுத்த எளிய வழி இருக்கிறது. புரொப்பல்லரின் பின் முகத்தைத் துடைத்துக் காயவைத்து, நடுக் குழலில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளிவட்டம் வரை ஒரே கோடாகப் பெயிண்ட் இழுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. நேராகவே இருந்தால் மறுபடி இங்கே வாருங்கள். சில சின்ன மோட்டார்களில் ரப்பருக்குப் பதில் ஷியர் பின், அதாவது மோதினால் அறுந்துவிடும் மெல்லிய பின் இருக்கும். அது அறுந்தால் படகு கொஞ்சம்கூட நகராது, அதனால் உங்களுக்கு அதுவாக இருக்காது.

டாக் மழுங்கினால் வழுக்குவது போல இருக்காது. குதிக்கும். 'டக், டக்' என்று படகின் உடம்பில் அடி உணரலாம். வேறுபாட்டைக் காதாலும் காலாலும் கண்டுபிடிக்கலாம்.

சுக்கான்:
நீரோட்டம் சொன்னது சரி.

புதுப்படகு, அந்த அரை சென்டிமீட்டர் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மேலே இருக்கும் நியூட்ரலும் கீழே இருக்கும் நியூட்ரலும் ஒரே இடத்தில் இல்லை. மேலே கை நடுவில் உட்காரும்போது கீழே டாக் கிளட்ச் முன் சக்கரத்தை உரசிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் படகு முன்னால் நகர்கிறது. ரிவர்ஸுக்குக் கையை எல்லை வரை தள்ளினாலும் அதே அளவு குறைவாகத்தான் டாக் பின்னால் போகிறது. கொம்பு முழு ஆழத்துக்கு விழாமல் முனையில் மட்டும் தொற்றி நிற்கிறது. விசை வந்தால் குதித்து வெளியே வருகிறது.

உங்கள் மோட்டாரின் வகையில் கம்பி மேலும் கீழும் நகரும், அதன் அடியில் ஆப்பு போல ஒரு கேம் இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டின் மூக்கிலிருந்து நீளும் ஒரு சின்ன உலக்கை அந்த ஆப்பின் படிகளில் ஏறி இறங்கும். கம்பி நீளம் தவறினால் உலக்கை படியில் உட்காராமல் சரிவில் நிற்கும். (சில மோட்டார்களில் கம்பி ஏறி இறங்காமல் சுழலும், அங்கே இந்தக் கதை கொஞ்சம் வேறு.)

ஆக, கேபிளும் இல்லை, பாக்ஸும் இல்லை. மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் இணைக்கும் இடத்தில் நீளமான ஒரு நட்டு இருக்கும், அதற்கு அடியில் ஒரு லாக் நட்டு. லோயர் யூனிட்டை இறக்கும்போது அதைத்தான் கழற்றியிருப்பீர்கள். மாட்டும்போது எத்தனை சுற்று ஏற்றினீர்கள் என்று நினைவிருக்கிறதா?

அப்புறம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு, மேலே இருக்கும் லிவரையோ கையையோதான் பார்க்கிறது. கீழே டாக் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் மோட்டார் இப்போது பாதி முன் கியரில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. யாராவது தண்ணீரில் நிற்கும்போது கிளப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சரி செய்யும் வரை ஓட்டவே வேண்டாம்.

புதுப்படகு:
நட்டு இருக்கிறது அண்ணா. கழற்றும்போது சுற்றை எண்ணவில்லை. மாட்டும்போது கையால் போகும் வரை ஏற்றிவிட்டு லாக் நட்டை இறுக்கிவிட்டேன், இறுகினால் போதும் என்று நினைத்தேன். நட்டுக்குள் கம்பி எவ்வளவு போயிருக்க வேண்டும் என்பதெல்லாம் தோன்றவே இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. போன வாரம் என் பையன் படகின் பின்னால் தண்ணீரில் நின்றுகொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான், நான் ஸ்டார்ட் செய்தேன்.

இனி எப்படி அளவு வைப்பது?

சுக்கான்:
பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய விஷயம். இனி வேலைக்கு வருவோம்.

பிளக் வயர்கள் கழன்றே இருக்கட்டும். கேபிளையும் மாட்டாதீர்கள். லாக் நட்டைத் தளர்த்தி, நீள நட்டை முழுக்கக் கழற்றி இரண்டு கம்பியையும் பிரித்துவிடுங்கள். இப்போது கீழ்க் கம்பி மட்டும் லோயர் யூனிட்டோடு பேசுகிறது. தம்பி புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்க, நீங்கள் கீழ்க் கம்பியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஓர் எல்லையில் முன் கியர் கடிக்கும், மறு எல்லையில் ரிவர்ஸ் கடிக்கும், நடுவில் புரொப்பல்லர் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுழலும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கம்பியில் மெல்லிய கோடு இரண்டு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் கம்பியை வையுங்கள். அதுதான் உண்மையான நியூட்ரல்.

மேலே கியர்க் கையை நியூட்ரல் க்ளிக்கில் உட்கார வையுங்கள். இப்போது கீழ்க் கம்பியையும் மேல் கையையும் அசைய விடாமல் நீள நட்டை ஏற்றுங்கள். இரண்டு கம்பியும் நட்டுக்குள் ஏறக்குறைய சம அளவு போயிருக்க வேண்டும், ஒன்று நுனியில் மட்டும் தொங்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் நீள நட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வைத்த அளவு சேர்ந்து திரும்பிவிடும். சில மோட்டார்களில், முக்கியமாகப் பழைய ஜான்சன், எவின்ரூடில், கம்பியின் உயரத்தையே அளந்து வைக்கச் சொல்வார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் அப்படி அளவு இருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம் கேபிள். இது கடைசி. பாக்ஸ் லிவர் நியூட்ரலில், மோட்டார் கை நியூட்ரலில். கேபிள் முனையில் இருக்கும் திருகு மூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பின்னின் மேல் இழுக்காமல் தள்ளாமல் தானாக விழும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வலிந்து மாட்ட வேண்டாம். மூட்டுக்குள் போதுமான திருகு ஏறியிருக்க வேண்டும், 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம்:
சுக்கான் தம்பி, நான் அவசரப்பட்டுவிட்டேன். நாற்பது வருடமாக மெதுவாகத்தான் போட்டு வந்திருக்கிறேன், யாரும் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. நேற்று சட்டென்று போட்டுப் பார்த்தேன், கரகர சத்தம் காணோம்.

ஆனால் எனக்குக் கேபிள்தான் போயிருந்தது, அது உண்மை. இரண்டாவது மோட்டார் டில்லர் பிடியுள்ளது (மோட்டாரிலேயே இருக்கும் பிடியால் திருப்புவது), அதில் கேபிளே கிடையாது, அதன் கியர் கையும் இப்போது இறுகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

நீரோட்டம்:
கேபிள் கெடுவது நிறையவே நடக்கும் அண்ணா, உங்கள் அனுபவம் தவறில்லை. அதைக் கண்டுபிடிப்பதும் மேலே சொன்ன அதே சோதனைதான். கழற்றியதும் மோட்டார் பக்கம் லேசாகவும் பாக்ஸ் பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் கேபிளோ பாக்ஸோ. மோட்டார் பக்கமே இறுக்கம் என்றால் கேபிள் வாங்கிப் பயனில்லை. கெட்ட கேபிளுக்குள் எண்ணெயோ கிரீஸோ ஊற்றி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைக்குள் தண்ணீர் புகுந்து கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். இரண்டு நாள் லேசாகும், மூன்றாம் நாள் பிசினாகும். மாற்றுவது ஒன்றே வழி. புதிதாகப் போடும்போது எங்கேயும் இறுக்கி வளைக்காதீர்கள், வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

டில்லர் மோட்டாரில் இறுகுவது பெரும்பாலும் கியர்க் கையின் தண்டு, உறைக்குள் நுழையும் புஷ்ஷில்தான். உப்பு அங்கே வெள்ளைப் பொடியாகச் சேர்ந்து அலுமினியத்தை அரித்துப் பிடித்துக்கொள்ளும். துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டே கையை முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசைத்து விடுவியுங்கள். பைப் மாட்டி நெம்ப வேண்டாம். விடுபட்டதும் தண்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துடைத்து, கடல் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள்.

புதுப்படகு:
சுக்கான் அண்ணா, செய்துவிட்டேன். கோடு போட்டுப் பார்த்ததில் நடு இடைவெளி 4 மில்லிமீட்டர் இருந்தது. நான் முன்பு வைத்திருந்த இடம் அதற்கு வெளியே, முன் கியர் பக்கம். நடுவில் வைத்து நட்டை ஏற்றி, நீங்கள் சொன்னபடி இரண்டு ஸ்பேனரால் இறுக்கினேன். கேபிளும் தானாக விழும்படி வைத்தேன்.

தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன். நியூட்ரலில் கயிறு தொய்ந்து கிடக்கிறது! முன் கியர் 'டங்', ரிவர்ஸ் 'டங்'. அந்தச் சத்தம் இவ்வளவு நிம்மதி தரும் என்று நினைக்கவில்லை.

ஒரே ஒரு குறை. ரிவர்ஸில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லை. பாதி வேகத்துக்கு ஏற்றினால் எப்போதாவது ஒரு முறை குதிக்கிறது. முன்பு போல அடிக்கடி இல்லை. பழகிக்கொள்ளலாமா? இன்னொரு சந்தேகம், நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது புரொப்பல்லர் லேசாகத் திரும்புவது போலத் தெரிகிறது.

சுக்கான்:
இரண்டாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். சக்கரங்கள் கியர் ஆயிலைக் கடையும்போது ஷாஃப்டையும் சற்று இழுக்கும், ஆயில் கெட்டியாக இருக்கும் காலை வேளையில் இன்னும் கூட. படகு நகராத வரை அது குறையில்லை. ஆனால் கையால் பிடித்து நிறுத்திப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

முதலாவதுக்குப் பழகிக்கொள்ள வேண்டாம். மூன்று வாரம் கொம்பின் முனையில் மட்டும் தொற்றி ஓடியிருக்கிறது, முனை மழுங்கியிருக்கும். புது டாக்கின் கொம்பு உள்பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும், விசை வந்தால் இன்னும் உள்ளேதான் இழுக்கும். வேகத்தில் கியரை வெளியே எடுக்கக் கடினமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். சில பெரிய மோட்டார்களில் கியரை எடுக்கும் கணத்தில் தீப்பொறியை ஒரு நொடி வெட்டி விசையைத் தளர்த்த ஒரு சுவிட்சே வைத்திருப்பார்கள். முனை உருண்டுவிட்டால் சரிவு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், விசை வந்தால் வெளியே தள்ளும். ஒவ்வொரு குதிப்பும் இன்னும் கொஞ்சம் மழுக்கும். தானாகச் சரியாகாது.

பிரிப்பதற்கு முன் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். கீழ்த் திருகு, அப்புறம் மேல்த் திருகு. இங்கே ஒரு எச்சரிக்கை, பழைய ஜான்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்களும் படிக்கட்டும்: கீழ்த் திருகுக்குப் பக்கத்திலேயே கூட்டல் குறி போட்ட தலையோடு இன்னொரு திருகு இருக்கும். அது வடிகால் இல்லை. உள்ளே கியர் மாற்றும் கையைத் தாங்கும் அச்சு. அதைக் கழற்றினால் உள்ளே எல்லாம் விழுந்துவிடும், முழு லோயர் யூனிட்டையும் பிரித்துத்தான் மறுபடி கோக்க முடியும். ஆயில் மாற்றப் போய் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் பார்க்க வேண்டும். காந்தத் திருகின் நுனியில் மாவு போலச் சாம்பல் பசை இருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் நறநறவென்று துகள் தட்டினால், மினுங்கும் செதில் தெரிந்தால், பிரித்தாக வேண்டும்.

புதுப்படகு:
ஆயில் வெளுக்கவில்லை. ஆனால் காந்தத்தில் பசையோடு கடுகின் பாதி அளவில் மூன்று செதில்கள்.

பேரிங் கேரியரை (புரொப்பல்லர் ஷாஃப்டைத் தாங்கும் உறை) இழுக்க என்னிடம் கருவி இல்லாததால், அவுட்போர்டு மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் முழுதாக வெளியே வந்தது. டாக்கைச் சுற்றி மெல்லிய சுருள் கம்பி ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கிறது, அதை ஒரு முனையிலிருந்து திருப்புளியால் நெம்பிச் சுருளைப் பிரித்ததும் குறுக்குப் பின் வெளியே வந்தது, டாக் கையில் விழுந்தது. முன் பக்கக் கொம்புகள் வெட்டிவைத்த மாதிரி கூர்மை. பின் பக்கக் கொம்புகளின் முனை தேய்ந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று உருண்டிருந்தது. விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை. ரிவர்ஸ் சக்கரத்தின் கொம்பும் அதே கதி. இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். புது டாக்கைத் தேய்ந்த சக்கரத்தோடு போட்டால் மறுபடி மழுங்கிவிடும் என்று அவரும் சொன்னார். மூன்று வாரத்தில் இவ்வளவு தேய்மானம் என்பதை நம்பவே முடியவில்லை.

லோயர் யூனிட்டை மேலே ஏற்றும்போது இன்னொன்று கற்றுக்கொண்டேன். டிரைவ் ஷாஃப்டின் பக்கவாட்டு ஸ்ப்ளைன் பள்ளங்களில் மட்டும் கிரீஸ் தடவினார், மேல் நுனியைத் துடைத்துவிட்டார். நுனியில் கிரீஸ் இருந்தால் கிராங்க் ஷாஃப்டின் குழிக்குள் அது அடைத்துக்கொண்டு யூனிட் முழுக்க மேலே ஏறாதாம். நான் இம்பெல்லர் மாற்றியபோது நுனியில்தான் அப்பியிருந்தேன்.

நேற்று முழு வேகம் தவிர எல்லா வேகத்திலும் ரிவர்ஸில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறைகூடக் குதிக்கவில்லை. நீள நட்டிலும் இரண்டு கம்பியிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். அடுத்த இம்பெல்லருக்குக் கழற்றும்போது சுற்றை எண்ணி எழுதி வைப்பேன்.

துடுப்புக்காரன்:
நானும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் கோடு கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருந்தது. புரொப்பல்லர் ரப்பர்தான். புது புஷ் போட்டாகிவிட்டது, கியரில் ஒரு குறையும் இல்லை. நீரோட்டத்துக்கு நன்றி. ஒரு கேள்வி மட்டும்: புது ஆயில் மேல்த் துளை வழியாக ஊற்றினால் போதுமா?

நீரோட்டம்:
வேண்டாம், மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொண்டு ஆயில் குறைந்துவிடும். கீழ்த் துளையில் பம்ப் வைத்து மேல்த் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை ஏற்றுங்கள். முதலில் மேல்த் திருகை மூடுங்கள், அப்புறம் பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகைச் சட்டென்று போடுங்கள். மேலே மூடியிருந்தால் கீழே அதிகம் வழியாது. இரண்டு திருகுக்கும் புது வாஷர்.